நீலாவதி பார்த்து எடுத்த ஹார்ட் டிஸ்க்

2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் நீலாவதியின் லேப்டாப்பிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. திரை நீலமாகி அப்படியே நின்றுவிட்டது. நீலாவதி முதலில் நினைத்தது, யாரோ இதைத் தொட்டிருக்கிறார்கள் என்பதுதான். ஷெட் கதவின் பூட்டைப் போய்ப் பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பொம்மையும் கப்பும் செய்கிற ஏழெட்டு யூனிட்டுகளுக்கு கிளேஸ் கலந்து கொடுப்பது அவள் தொழில். இன்னும் சுடாத பொருளின் மேல் அந்தக் கலவையைப் பூசிச் சூளையில் வைத்தால்தான் பீங்கானுக்குப் பளபளப்பு வரும். எந்தப் பொடி எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும்.

முன்பு அவள் கலியமூர்த்தியின் யூனிட்டில் கூலிக்குக் கலந்துகொண்டிருந்தாள். எட்டு மாதம் முயன்று வெடிக்காத வெளிர்பச்சை ஒன்றைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் நோட்டு காணாமல் போய், மூன்றாம் நாள் அதே இடத்தில் இருந்தது. அடுத்த மாதம் முதலாளி, “இனிமே நீ வர வேணாம்மா, வேற ஆளு பாத்துக்கிறாங்க” என்றார். அவள் பச்சை அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அவள் காகிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஊர் மாற்றலாகிப் போன ஓர் ஆசிரியரிடம் பழைய லேப்டாப்பை வாங்கி, பாஸ்வேர்டு போட்டு, தான் செய்த முந்நூற்றுப் பன்னிரண்டு கிளேஸ் சோதனைகளையும் அதில்தான் வைத்திருந்தாள். அதற்கு இன்னொரு நகல் எடுக்கவில்லை. இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்தில் திருடலாமே.

ஜங்ஷன் ரோட்டில் ஜெரோம் என்பவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். முப்பது வயதிருக்கும். லேப்டாப்பைக் காதருகே வைத்துக் கேட்டார்.

“ஹார்ட் டிஸ்க்கு போவுதுக்கா. வேற மாத்தணும். இனிமே இத ஆன் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவ ஓடும்போதும் உள்ள இருக்கிறது கெட்டுட்டே போவும். வெச்சிட்டுப் போங்க, சாயங்காலம் தரேன்.”

“வெச்சிட்டா? நான் இங்கியே ஒக்காந்திருக்கேன்.”

ஜெரோம் இரண்டு டிஸ்க்குகளை மேசைமேல் வைத்தார். ஒன்று உறையில்லாத நூற்றறுபது ஜிபி. மற்றது வெள்ளிநிற உறைக்குள் ஒட்டி மூடிய எண்பது ஜிபி. சின்னதற்குத்தான் விலை அதிகம்.

“பெருசு வெல கம்மி, சிறுசு வெல ஜாஸ்தியா? என்னா கணக்கு தம்பி இது?”

“பெருசு வேற லேப்டாப்புலேருந்து கழட்டுனதுக்கா. சிறுசு புதுசு. அதுவுமில்லாம உங்களுது பழைய மாடலு. நூத்தி முப்பது ஜிபிக்கு மேல அதுக்குத் தெரியாது. இப்ப வர்ற டிஸ்க்குல எல்லாம் லேப்டாப்புல சொருகுற பின்னே வேற மாதிரி இருக்குது. இந்தப் பழைய பின்னுல டிஸ்க்கு கெடைக்கிறதே கஷ்டம்.”

ஒவ்வொரு பதிலும் முன்பே தயார் செய்ததுபோல் அவளுக்குப் பட்டது. “அந்தக் கவரப் பிரி, பாக்கலாம்” என்றாள். ஜெரோம் தயங்கினார். “பிரிச்சிட்டா வாங்குன எடத்துல திரும்ப எடுத்துக்க மாட்டாங்கக்கா.”

அந்தத் தயக்கத்தை அவள் மனதில் குறித்துக்கொண்டிருந்தபோதே கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் கலியமூர்த்தி. நீலாவதி முந்தானையை இழுத்து லேப்டாப்பை மூடினாள்.

“என்னம்மா நீலாவதி, கம்ப்யூட்டரெல்லாம் வெச்சிருக்கியா? பரவால்லியே!” என்று சிரித்தார். பிரிண்டருக்கு மை வாங்கினார். போகும்போது ஜெரோமின் தோளில் தட்டி, “வரேன்டா தம்பி” என்றார்.

வண்டிச் சத்தம் மறையும்வரை காத்திருந்து அவள் கேட்டாள். “அவருக்கும் ஒனக்கும் என்னா பழக்கம்?”

“மாசா மாசம் மை வாங்குவாருக்கா. வேற என்னா?”

“தோளத் தட்டிட்டுப் போறாரே?”

“எல்லாரையுந்தான் தட்டுவாரு. எம்மேல சந்தேகமாக்கா?”

“ஆமா” என்றாள். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. ஆன் பண்ணாதே என்று எதற்காகச் சொன்னான்? நன்றாக ஓடுவது தெரிந்துவிடக் கூடாது என்றா? ஆன் செய்தாள். திறந்துகொண்டது. ‘பாத்தியா!’ என்று அவள் தனக்குள் சொல்லி முடிப்பதற்குள் சத்தம் வேகமெடுத்தது. ஒரு கோப்பைத் திறந்தாள், பாதி வந்தது. இன்னொன்று வரவே இல்லை. பிறகு பேட்டரியையே பிடுங்கித்தான் நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றாள். முந்தின நாள் வீட்டில் செய்ததைச் சொல்லவில்லை. “அந்தக் கவரப் பிரி. புடிக்கலன்னாலும் நானே வாங்கிக்கிறேன்” என்றாள்.

ஜெரோம் பிரித்தார். நீலாவதி டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பூச்சில் ஊசிமுனை அளவு பழுது இருந்தாலும் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. பக்கவாட்டில் திருகு மாட்டும் நான்கு ஓட்டைகளைச் சுற்றியும் மெல்லிய வளையமாகத் தேய்ந்திருந்தது.

“இதுல ஸ்க்ரூ போட்டுக் கழட்டியிருக்குது. இதுவா புதுசு?”

ஜெரோமுக்கு முகம் மாறியது. “இல்லக்கா, சென்னையிலேருந்து சீலோடதான் வந்துது.” டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்து, அது எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் புரோகிராமைத் திறந்தார். புதியதற்குச் சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. ஜெரோம் திரையையே பார்த்தபடி இருந்தார். பிறகு சென்னை மொத்த வியாபாரிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவர் கத்தியது நீலாவதிக்கே கேட்டது. பிரித்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஜெரோம் போனை வைத்துவிட்டு, “இதே லாட்டுல இதுக்கு முன்ன நாலு பேருக்கு மாட்டிக் குடுத்திருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த முகத்தில் நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், “எனக்குத் தெரிஞ்ச கடை பாண்டியில இருக்குது, நாளைக்குப் போயி வாங்கியாறேன்” என்று அவர் சொன்னதும் அவள் வாயில் வந்தது, “நானும் வரேன்.”

விடிகாலை பஸ்ஸில் பண்ருட்டி வழியாகப் போனார்கள். லேப்டாப் பையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். பாண்டிச்சேரிக் கடையில் பழைய பின் வைத்த டிஸ்க் ஆறு இருந்தது. ஆறையும் வரிசையாக வைக்கச் சொல்லி, ஓட்டைகளையும் பின்களையும் ஒட்டியிருந்த தேதியையும் பார்த்தாள். கடைக்காரர், “நீங்க கம்ப்யூட்டர் லைனாம்மா?” என்றார். “இல்ல” என்று மட்டும் சொன்னாள். இரண்டைத் தள்ளினாள். மீதியில் ஒன்றை ஜெரோம் அங்கேயே ஓட்டிப் பார்த்தார். மணிநேரம் சுழியம். எண்பது ஜிபி. அதை எடுத்தார்கள்.

அன்று மதியமே திரும்பி வந்து, ஜெரோமின் கடையில் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகல் எடுக்க ஆரம்பித்தார்கள். அவள் எழுந்து டீ குடிக்கக்கூடப் போகவில்லை. மாலையில் ஜெரோம் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: முந்நூற்றுப் பன்னிரண்டில் இருபத்தாறு வரவில்லை.

“ஏங்க்கா, நடுவுல ஆன் பண்ணீங்களா?”

“ஆமா. நீ பொய் சொல்றியான்னு பாத்தேன்.”

ஜெரோம் கோபப்படவில்லை. திருகுகளை முடுக்கிக் கொடுத்தார். வேலைக்குக் கூலி வேண்டாம் என்றார். அதிலும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியதால் அவள் வற்புறுத்திக் கொடுத்தாள். பழைய டிஸ்க்கையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன இருபத்தாறையும் மறுபடி கலந்து, பூசி, சுட்டு எழுதத் தீபாவளி வரை ஆயிற்று. இந்தமுறை ஒவ்வொரு வாரமும் சி.டி.யில் ஒரு நகல் எடுத்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். ஜெரோம் அந்த நாலு பேரையும் தேடிப்போய், தன் செலவிலேயே டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தார் என்று பேட்டையில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதானா என்று அவள் நாலில் இரண்டு பேரை விசாரித்தாள். உண்மைதான்.

கார்த்திகையில், அவளிடம் கிளேஸ் வாங்கும் சவரிராஜின் யூனிட்டில் கம்ப்யூட்டர் பழுதானது. “யாருகிட்ட குடுக்கலாம் நீலாவதி?” என்று கேட்டார்.

“ஜங்ஷன் ரோட்டுல ஜெரோமுன்னு இருக்கறாரு, அவருகிட்ட குடுங்க. நல்ல மனுசன்” என்றாள். ஷெட் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தபின் திரும்பிச் சொன்னாள்: “குடுத்துட்டு வந்துடாதீங்க. முடியறவரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருங்க.”