முள் நாற்பதில், நாங்கள் அதே முனையில்

மகளுக்கு அன்று பி.யு.சி. இரண்டாம் வருட, அதாவது பிளஸ் டூ, இயற்பியல் தேர்வு. வீடு ஜோகுபாளையத்தில், தேர்வு மையம் மல்லேஸ்வரத்தில். புது இடத்துக்குப் போகவேண்டுமென்றால் முந்தின ஞாயிறே ஸ்கூட்டரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். அப்படியே பார்த்து, ஓடிய தூரத்தையும் ஆன நேரத்தையும் டைரியில் குறித்திருந்தேன். தேர்வன்று அதற்கு மேலும் அரை மணி முன்னதாகவே கிளம்பினோம். வழியில் ஓர் ஊர்வலம் அந்த அரை மணியைத் தின்றுவிட்டது.

மையத்துக்குத் திரும்பும் முனையில், ஞாயிறன்று இல்லாத ஒருவழிப் பலகை.

"ஒன் வே சார். ஆ கடே ஹோகி," என்று போலீஸ்காரர் கன்னடத்தில் சொல்லி இடப்பக்கம் கை காட்டினார்.

திரும்பினேன். அடுத்த முனையிலும் வலப்பக்கம் திரும்பக்கூடாது என்று பலகை. அதற்கடுத்த முனையிலும் அதே.

"நாப்பதுல போறேன், பயப்படாதே," என்றேன், பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம்.

இன்னும் இரண்டு திருப்பம். அதே முனை, அதே போலீஸ்காரர்.

வண்டியை நிறுத்தும்போது நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். "என்ன சார், ரவுண்ட்ஸா? நம்ம டூட்டிய நீங்க பாக்குறீங்களா?"

"ஸ்பீடு நாப்பதுதான்பா," என்றாள் மகள் என்னிடம். "ஆவரேஜ் வெலாசிட்டி சைபர். கெளம்பின எடத்துலயே வந்து நின்னா எவ்ளோ வேகமா ஓட்டினாலும் சைபர்தான். வண்டிய உள்ள விடுங்கப்பா, அடுத்த கிராஸ் தெருதானே."

"ஒன் வேம்மா," என்றேன்.

"கேட்ட மூடிட்டா இந்த வருஷமே போச்சுப்பா!"

நான் பலகையைப் பார்த்தேன். அது வண்டிகளுக்குத்தான், நடப்பவர்களுக்கு இல்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. குதித்து இறங்கி, எதிரே வந்த ஆட்டோக்களை ஒட்டியே ஓடினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

நான் வழி கேட்டுக் கேட்டு, அவள் ஓடியதைப்போலப் பல மடங்கு தூரம் சுற்றி, மையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட் மூடியிருந்தது. வெளியே அவள் இல்லை. உள்ளே போனாளா, வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டதா? கம்பியைப் பிடித்துக்கொண்டு காவலாளியைக் கூப்பிட்டேன்; அவரும் தமிழர்தான்.

"ஒத்தச் செருப்போட ஒரு பொண்ணு ஓடியாந்துச்சே, அதுவா? பாதி கேட்ட மூடிட்டேன் சார், இடுக்குல பூந்து போயிருச்சு."

வண்டியை அங்கேயே நிறுத்திப் பூட்டிவிட்டு, இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டு அந்த ஒருவழித் தெருவில் நடந்தேன்.