கழுவாத ஒரு வாரம்

அனுசியாவுக்குப் பிறவியிலேயே மெல்லிய முடி. எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இருக்கும் அவள் ஊரில் அதைப் பூனைமுடி என்பார்கள். மெல்லியது மட்டுமல்ல, பிசுக்கும்கூட. காலையில் தலைக்குக் குளித்தால் மதியத்துக்குள் வகிடு பளபளக்கும். மறுநாள் முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இடையிடையே தலைத்தோல் தெரியும். பள்ளியில் அவளுக்கு 'வடச்சட்டி' என்று பெயர். எண்ணெயைக் குறைத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல் என்று ஓர் ஆசிரியை வகுப்பிலேயே சொன்னார். அன்று அவள் தலையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அதைச் சொன்னால் நம்புவதற்கு அந்த வகுப்பில் ஆள் கிடையாது.

மற்ற நாட்களில் எண்ணெய் இருந்தது, ஏராளமாக. அவள் அம்மா அழகுத்தாய் சிறுவயதில் பிறர் காட்டில் பருத்தி எடுத்தவள். காட்டுக்காரர் வீட்டுப் பெண்களின் தலை மினுங்கும்; கூலிக்கு வந்த பிள்ளைகளின் தலை செம்பட்டை பாய்ந்து காற்றில் பறக்கும். தலையைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். தீபாவளிக்குத் தீபாவளி மட்டுமே எண்ணெயைக் கண்ட அழகுத்தாய், தன் மகள் தலை ஒருநாளும் அப்படிப் பறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். எண்ணெய் இல்லாத தலை இழவு வீட்டுத் தலை என்பாள். அதனால் ஏற்கெனவே எண்ணெய் வழிந்த தலையில் தினமும் எண்ணெய் ஊற்றப்பட்டது. பட்டினியின் நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு தலைமுறைக்குக் கிடைக்காதது அடுத்த தலைமுறையின் தலையில் கொட்டப்படுகிறது, அதற்கு அது வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அனுசியா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள். காலையில் வேன் வரும், இருட்டும் நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடும். ஆலைக்குள் பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். தலையில் துணி கட்டினாலும் இடுக்கில் நுழைந்துவிடும். மற்றவர்கள் உதறினால் போய்விடும் தூசி, அனுசியாவின் தலையில் எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். விரலால் தேய்த்தால் திரியாகத் திரண்டு வரும். கழுவலாம் என்றால் ஊரில் இருப்பது உப்புத்தண்ணீர். அதில் எதைப் போட்டாலும் நுரைக்காது, முடி முறுக்கிக்கொள்ளும். நல்ல தண்ணீர் குழாயில் எப்போதாவது வரும். குடிக்க வைத்திருக்கும் குடத்தில் தலை கழுவுவது அந்தத் தெருவில் பெரிய குற்றம். ஆட்சிகள் மாறியிருக்கின்றன, குழாய்கள் மாறியிருக்கின்றன, உப்பு மாறவில்லை.

இருபத்திரண்டு வயதில் முடி கொத்தாக உதிரத் தொடங்கியது. செம்பருத்தி அரைத்தார்கள், சின்ன வெங்காயம் பிழிந்தார்கள், செல்போனில் வந்த மூலிகை எண்ணெயை வரவழைத்தார்கள். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் அனுசியா தானே வேலைக்கு ஒருநாள் லீவு போட்டு டவுனில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தாள். இரத்தம் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார் அந்தப் பெண் மருத்துவர். மாதவிலக்கில் அதிகம் போகிறது, சாப்பாடு போதவில்லை, உதிர்வது அதனால்தான் என்றார். எண்ணெயை நிறுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல தண்ணீரில் கழுவு, பயப்படாதே. கழுவும்போது வருகிற முடி கழுவியதால் வருவதல்ல, அது முன்பே வேரிலிருந்து கழன்றுவிட்ட முடி என்றும் விளக்கினார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்.

அனுசியா அதை அப்படியே செய்தாள். விடியுமுன் எழுந்து, ஊர்க்கோடித் தொட்டியில் தன் பங்குக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்துவருவாள். ஷாம்பூவைச் சொம்புத் தண்ணீரில் கலக்கி, முடியில் படாமல் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்ப்பாள். துண்டால் முறுக்காமல் ஒற்றி எடுப்பாள். காய்ந்த பிறகுதான் அகலப் பல் சீப்பு. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கும் அம்மாவிடம் தினம் ஒரு சண்டை. மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று அம்மா பாதி அட்டையைத் தூக்கி எறிந்தாள். அனுசியா ஆலைப் பைக்குள் வேறு அட்டை வைத்துக்கொண்டாள். சில மாதங்களில் உதிர்வது குறைந்தது. நெற்றியோரம் விரல்கடை அளவுக்குப் புதுமுடி குத்திட்டு நின்றது. அவள் அதை வேனில் கூட வரும் பெண்களுக்குத் தொட்டுக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் மாரிச்செல்வம் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். எம்.ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோக்காரன். வேன் வராத நாட்களில் அனுசியா அவன் ஆட்டோவில்தான் போவாள். அவள் தலை எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். "ஒன் தலையில பூ வச்சா வழுக்கிட்டுல்ல வந்துரும், கிளிப்பு நான் வாங்கித் தாரேன்" என்று கேலி செய்தவன். அவள் தலையைப் பற்றிச் சொல்லப்பட்டதில் அவள் சிரித்த ஒரே சொல் அது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். அதற்கு முன் அவள் எதையும் அவ்வளவு விரும்பியதில்லை.

பூ வைக்கிற நாள் குறித்தார்கள். மாரிச்செல்வத்தின் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டின் மூத்த பெண், பொண்ணின் சடையைச் சபையில் அவிழ்த்து, தன் கையால் எண்ணெய் தொட்டு வைத்து, சீவி, பின்னி, பிறகுதான் பூ வைப்பாள். இதைக் கேட்டதும் அழகுத்தாய்க்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு கலந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நாள் வரும்வரை ஒரு வாரம் தலையைக் கழுவக் கூடாது, சீவக் கூடாது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டால் இருக்கிற முடி இருக்கும்.

"கழுவுறதாலதானத்தா கொட்டுது. ஒரு வாரம் பொறுத்துக்க" என்றாள்.

"கொட்டுற முடி முன்னயே செத்துப்போச்சும்மா. கழுவாட்டி அது தலைக்குள்ளயே கெடக்கும். சீப்ப வச்சதும் மொத்தமா வரும்."

"வாயக் கழுவு. நல்ல காரியம் வாரப்போ செத்துச்சு கித்துச்சுன்னுக்கிட்டு."

அனுசியா அப்பாவிடம் முறையிட்டாள். பஞ்சுக் குடோனில் லோடு ஏற்றிவிட்டு வந்து முதுகைச் சுவரில் சாய்த்திருந்த சந்தனம், இது பொம்பளைங்க விசயம் என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதாள். சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். ஒன் தலை ஒனக்கு மட்டுமா தலை, நாளைக்கு நாலு பேரு முன்னால எங்க மானம் அது என்றாள். அனுசியா விட்டுக்கொடுத்தாள். அவளிடம் இருந்தது உண்மை மட்டும்தான். பட்டினி கிடக்கும் அம்மாவுக்கு எதிரே அது எத்தனை நேரம் நிற்கும்?

அந்த வாரம் முழுக்க அவள் ஆலைக்குப் போனாள். எண்ணெய், தூசி, வியர்வை எல்லாம் அந்த இறுகிய சடைக்குள் ஊறின. தலை அரித்தது. சடையைத் தொட்டால் உள்ளே உதிர்ந்த முடி தளர்ந்து கிடப்பது விரலுக்குத் தெரிந்தது. பூ வைக்கும் நாள் காலையில் தலைக்குக் குளிப்பது முறை. முறை தவறினால் குலமே அழியும் என்கிற அழகுத்தாய், அன்று மூன்று கை தண்ணீரைத் தலையில் தெளித்து, குளித்ததாக வைத்துக்கொண்டாள். சாத்திரம் வேண்டிய இடத்தில் வளையும். பெண்ணுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் அது வளைவதில்லை.

தெருவை அடைத்து சாமியானா போட்டிருந்தார்கள். பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அத்தை கருத்தம்மாள் அனுசியாவின் பின்னால் அமர்ந்தார். கெட்ட மனுசி அல்ல. மெதுவாகத்தான் சடையை அவிழ்த்தார், மெதுவாகத்தான் சீப்பை வைத்தார். முதல் இழுப்பிலேயே சீப்பு நிறைந்துவிட்டது. அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். மறுபடி வந்தது. பஞ்சுத்தூசி கலந்து, எண்ணெயில் நனைந்து, உருட்டி வைத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. மறைக்க முந்தானை போதவில்லை. முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

"ஏத்தா, ஒடம்புக்கு என்னமும் நோவு இருந்துச்சா?" என்றார் கருத்தம்மாள், காதோரம்.

"நோவெல்லாம் இல்ல அத்தை. ஒரு வாரமா தலை கழுவல. கழுவாததால எல்லாம் சேந்து வருது, அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். கழுவாட்டி முடி கொட்டுமாம், புதுசா இருக்கே என்று ஒரு குரல் வந்தது. நல்ல நாளும் அதுவுமா பொண்ணுக்குத் தலைக்கு ஊத்தலையா என்று இன்னொரு குரல். அனுசியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா."

அழகுத்தாய் கூட்டத்தைப் பார்த்தாள். காரியத்துக்கு உட்கார வைத்த பொண்ணைக் குளிப்பாட்டாத தாய் என்ற பேர் அவள் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

"காலைலகூட தலைக்கு ஊத்திவிட்டேனே மதினி. அது சின்னப்பிள்ள, வெக்கத்துல ஒளறுது."

அவ்வளவுதான். குளிப்பாட்டிய தலையில் இவ்வளவு உதிர்ந்தால் அது நோயன்றி வேறென்ன? கருத்தம்மாள் அதற்குமேல் சீவவில்லை. தலையில் மிஞ்சிய முடியைச் சேர்த்து முடிச்சிட்டுப் பூவைச் செருகினார். வந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் அதன்பின் மருத்துவரிடம் கேட்கவில்லை. அனுசியாவின் பைக்குள் இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது, அதைக் காட்டு என்றும் கேட்கவில்லை. நேராகக் குலசாமி கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாக மடித்துப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தது. மூன்று வயதுக் குழந்தையின் கை எந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கை தீர்மானமானது. இந்த நாட்டில் இது முட்டாள்தனம் என்று சொல்பவனைத்தான் அகம்பாவம் பிடித்தவன் என்கிறார்கள்.

மாரிச்செல்வம் போனில் பேசினான். அத்தை வேண்டாம்னு சொல்லிட்டாக, சாமியும் உத்தரவு குடுக்கல, நான் என்ன செய்ய என்றான்.

"நீங்க என்ன சொன்னீக?"

ஆட்டோவின் எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் போனை வைத்தாள்.

அந்த வாரத்துத் தலை சரியாகப் பல மாதம் ஆனது. ஊறலில் தோல் புண்ணாகி, நெற்றியோரம் முளைத்த புதுமுடியும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுசியா அருப்புக்கோட்டைக்குப் போய் முடியைக் காதுக்குக் கீழே வெட்டிக்கொண்டு வந்தாள். பார்லர் பெண் நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். மெல்லிய பிசுக்கு முடிக்கு அதைவிடச் சரியான காரியம் இல்லை. அரைக் குடத்தில் கழுவிவிடலாம், பாரம் இழுக்காது, சீக்கிரம் காயும். இதை அவள் விளக்கிச் சொன்னாள்.

தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருவது போலவே வந்து, அழகுத்தாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காதல் தோற்றுப் பிள்ளை தலையை அறுத்துக்கொண்டது என்று ஊருக்குள் பேச்சு. மனசுக்குள்ள வைக்காத தாயி, அழுதுரு என்றாள் ஒருத்தி. நான் அழுகலையே சின்னம்மா, தண்ணி மிச்சம்னுதான் வெட்டுனேன் என்றாள் அனுசியா. அழாமல் இருப்பதைக்கூட அவர்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டிருந்தால் கும்பிட்டிருப்பார்கள். காரணத்தோடு வெட்டியதுதான் அவர்களுக்குப் பைத்தியமாகத் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு அழகுத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, அன்னைக்கு நான் உள்ளதச் சொல்லியிருக்கலாம் என்றாள். மாரிச்செல்வத்துக்கு அப்போது வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

"இப்பப் போய்ச் சொல்லேன்" என்றாள் அனுசியா.

"இப்பப் போய்ச் சொன்னா நம்மள என்னன்னு நெனைப்பாக?"

"பொய் சொன்னோம்னு நெனைப்பாக. நெனச்சுட்டுப் போகட்டும். கருத்தம்மா அத்தைகிட்ட மட்டும் சொல்லு. நானும் வாரேன்."

அழகுத்தாய் மகளின் குட்டை முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் போகலாம் என்றாள், அடுத்த நாள் கரிநாள் என்றாள். அனுசியா கொஞ்ச நாள் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மாரிச்செல்வத்துக்கு மாசியில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு ஊர் மல்லாங்கிணறு.