ஷெனாய் போட்ட ஞாயிற்றுக்கிழமை

பாட்டுப் பிளேட்டு, அந்தக் காலத்து இசைத்தட்டு, கனமானது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பத்துப் பிளேட்டைத் துணிப்பையில் போட்டு, கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆலப்பாக்கம் தாண்டும்போதே தொடை மரத்துப்போகும். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், அப்பளமா?" என்பார். யார் உட்கார்ந்து விளக்கம் சொல்வது? "ஆமாங்க, அப்பளம்தான்" என்று முடித்துவிடுவேன்.

2010-ல் ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் இதே கூத்துதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் பை, பஸ், சிதம்பரம். அங்கே கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் மச்சான் கட்டிலில் கிடந்தான். என் தங்கச்சியைக் கட்டியவன். அதற்கும் முன்னாலேயே என் கூட்டாளி. வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கால் கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்தது. பேச்சு மட்டும் அப்படியே நின்றுபோனது. நாம் பேசுவது அவனுக்கு விளங்கும். பதிலுக்கு ஒரு 'உம்' கூட வராது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, "அவருக்கு ரொம்பப் பழகின சத்தம் எதுவோ அதைக் கேக்க வையுங்க. ஒரு வார்த்தை வந்துட்டா மத்தது வர வாய்ப்பிருக்கு" என்றார். அவனுக்குப் பழகின சத்தம் எதுவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாயாய் அலைந்தேன்.

நானும் அவனும் சேர்ந்து சேர்த்த பிளேட்டுகள் எல்லாம் மைக்செட் கடைக்காரர்கள் கழித்துக்கட்டியவை. கேசட் வந்த காலத்தில் கடலூர் ஓல்டு டவுனில் ஒரு கடைக்காரர், "எடுத்துட்டுப் போங்கப்பா, எடம் அடைக்குது" என்று இரண்டு பெட்டியைத் தள்ளிவிட்டார். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். இது வேண்டும், அது வேண்டாம் என்கிற பேச்சே கிடையாது. நாகசுரம், வில்லுப்பாட்டு, கோயில் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு, பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் கொடுத்த கவ்வாலி, உறையே இல்லாத வெள்ளைக்காரன் பாண்டு வாத்தியம், எந்தக் கட்சியென்றே தெரியாத ஒரு மேடைப் பேச்சு. ஸ்பீக்கர் சோதிப்பதற்காக வந்த ரயில் சத்தப் பிளேட்டு ஒன்று. அதை மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "இது கரி வண்டிடா, டீசல் இல்ல" என்பான். என்னமோ அவனே ஓட்டினமாதிரி.

அந்த வாய்தான் மூடிக்கிடந்தது.

பிளேயரை அவன் வீட்டிலேயே வைத்துவிட்டேன். வாரா வாரம் பிளேட்டுகளை மட்டும் மாற்றிக் கொண்டுபோவேன். முள்ளை வைப்பேன், அவன் உதட்டைப் பார்ப்பேன். ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போடுவேன், மறுபடி உதட்டைப் பார்ப்பேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். ரயில் பிளேட்டைக்கூடப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எரிச்சலும் வந்தது, மறைப்பானேன்? இவ்வளவு தூக்கிக்கொண்டு வருகிறேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்னடா என்று அவன்மேலேயே கோபம். தங்கச்சி ஒருநாள், "ண்ணா, சித்த நேரம் சும்மாதான் ஒக்காரேன்" என்றாள். எனக்கு அது காதில் ஏறவே இல்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெனாய் பிளேட்டை எடுத்துப்போனேன். எங்கள் இரண்டு பேருக்குமே உயிர் அது. வடக்கே கல்யாணத்தில் வாசிக்கிற வாத்தியம். அவனுக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைத் தூக்கி வைத்தேன். ஜன்னல் திறந்திருந்ததை யோசிக்கவில்லை.

நம் ஊரில் ஷெனாய் கேட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ரேடியோவில் அது அழுதால் யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் என்று அர்த்தம். கடையை மூடு, பஸ் நிற்பதற்குள் வீடு போய்ச் சேர். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, சந்து முனை டீக்கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. "யாராம்? யாராம்?" என்று தெருவில் ஒரே பேச்சு. சத்தம் இந்த வீட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் விஷயம் அதைவிட மோசமாகிவிட்டது. எதிர்வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். பின்னாலேயே டீக்கடைக்காரர், துண்டைத் தோளிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு.

கட்டிலில் மச்சான் முழித்துக்கொண்டு கிடந்தான்.

"அடப்பாவி மனுஷா! உசுரோட இருக்கற ஆளுக்கு இதையா போடுவாங்க?" என்று அந்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் கடைய வேற சாத்திட்டேன் சார்" என்றார் டீக்கடைக்காரர். இது கல்யாண வாத்தியம்ங்க என்று நான் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. தங்கச்சி சமையல்கட்டிலிருந்து வந்து, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

முள்ளை எடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த பிளேட்டை உறையிலிருந்து உருவினேன். அப்போதுதான் மச்சானுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி. பிளேட்டைக் கீழே வை என்கிற மாதிரி அழுத்தினான். வாய் கோணிக்கொண்டு வேலை செய்தது. எச்சில் ஒழுகியது.

"பே... பேசு" என்றான்.

எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. நான் தங்கச்சியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. "என்ன மச்சான்?" என்றேன், கேட்காதவன் மாதிரி. அவன் விரலால் பிளேயரைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினான். அப்புறம் அதே விரலால் என் நெஞ்சில் குத்தினான்.

"நீ... பேசு."

அத்தனை வாரமும் அவனிடம் பேச்சு வரவில்லை என்று சொல்லிக்கொண்டு அலைந்த நான், அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவனிடம் நாலு வார்த்தை பேசியதே இல்லை. பதில் வராத ஆளிடம் என்ன பேசுவது என்று பயம். அந்தப் பயத்துக்குத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீ இப்படிக் கெடக்கறது எனக்குப் பயமா இருக்குடா மச்சான்" என்றேன். அவன் கையை எடுக்கவில்லை. மேலே சொல் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.