பச்சை விளக்கின் மேல் வைத்த பொட்டு

இன்றைக்கும் யாருடைய வண்டியில் ஏறினாலும், திரும்பி முடித்த பிறகு இண்டிகேட்டர் அணைந்ததா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஆட்டோக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது. "நீங்களே ஓட்டுங்கக்கா, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று ஒருவர் சொல்லியே விட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அந்த டிக், டிக் நிற்கும்வரை மூச்சு சரியாக வரவில்லை. இந்த வியாதி எனக்குப் பத்து வயதில், மைசூரில், ஒரு ஆயுதபூஜைக்கு அப்புறம் தொற்றியது.

அப்பா பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட அதற்கு வயது அதிகம். ஹாரன் அடித்தால் வைப்பர் ஒருமுறை அசையும். மழை பெய்தால் ஹெட்லைட் தூங்கிவிடும். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் குச்சி தானாக மடங்க வேண்டும் அல்லவா, அது எப்போதோ உடைந்துபோயிருந்தது. அப்பா கையால்தான் மடக்குவார். மற்ற சவாரிகள் வரும், வராமலும் இருக்கும். சனிக்கிழமை மட்டும் நிச்சயம். விஜயநகரில் இருந்த ஓய்வுபெற்ற சார் ஒருவரும் அவர் மனைவியும் வாராவாரம் ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்கு அப்பாவின் காரில்தான் போவார்கள். அரிசியோ என் ஷூவோ, எது கேட்டாலும் எங்கள் வீட்டில் "சனிக்கிழமை போகட்டும்" என்பதுதான் பதில்.

அந்த வருடம் ஆயுதபூஜைக்குக் காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். வெளியே பொட்டு வைப்பது அம்மா வேலை, உள்ளே என் வேலை. நான் எதையும் விட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிற பிள்ளை. விட்டுப்போன சாமானுக்குக் கோபம் வந்துவிட்டால்? ஸ்டீரிங், கியர், கண்ணாடி, மீட்டர் பெட்டி என்று ஒன்று விடாமல் கெட்டிச் சந்தனத்தை அப்பி, நடுவே குங்குமம் வைத்தேன். மீட்டருக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. பாவம், அதற்கு யார் வைக்கப்போகிறார்கள் என்று அதற்கும் வைத்தேன். பூஜைப் பொட்டை யாரும் கையால் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அப்பா முகம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். பெங்களூர் ரோட்டில் கரும்பு வண்டி ஒன்றைத் தாண்டுவதற்கு வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டவர், தாண்டிய பிறகு மடக்கவில்லையாம். அது அணையாமலே இரண்டு மூன்று மைல் கண்சிமிட்டியிருக்கிறது. பின்னால் வந்த பஸ், இவர் வலதுபக்கம் திரும்பப்போகிறார் என்று நம்பி இடதுபக்கம் புகுந்திருக்கிறது. அதே நேரத்தில் அப்பாவும் இடதுபக்கம் ஒதுங்க, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லையாம். விஜயநகர் சாரின் மனைவி போட்ட கூச்சல் அப்பாவுக்கே கேட்டதாம். அந்த "அப்பாவுக்கே" என்பதை அம்மாதான் சொன்னாள், யாரையும் பார்க்காமல், அரிசி களைந்துகொண்டே. அதில் என்ன விசேஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

"அடுத்த வாரத்துக்குள்ள லைட்டைச் சரிபண்ணலேன்னா வேற வண்டி பாத்துக்கறேன்னுட்டாரு" என்றார் அப்பா. "நான் என்ன பண்றது? உள்ள லைட்டும் வரலை, டிக் டிக்குன்னு சத்தமும் வரலை. அது சிமிட்டுதா நிக்குதான்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

தசரா விடுமுறை என்பதால் புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்குப் போனார். அங்கே ஒரு சந்தில் கார் வயரிங் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். பக்கத்திலேயே டிங்கர் கடை. ஒடுங்கின கதவுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிற சத்தத்தில் பேசுவதெல்லாம் சண்டை மாதிரி இருக்கும். என்னைக் காரின் பின்னால் நிற்கச் சொன்னார்கள்.

"எரியுதா பாப்பா?"

"எரியுது!"

"இப்ப?"

"அணையுது! எரியுது! அணையுது!"

வயரிங்காரர் தலையைச் சொறிந்தார். பின்னால் இருந்த பல்பைக் கழற்றி, துருப்பிடித்த ஹோல்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். எர்த் வயரை அவிழ்த்து, சுரண்டி, மறுபடி முடுக்கினார். பியூஸைப் பார்த்தார். ஒரு முனையில் பல்பு தொங்கிய வயரை வைத்து எல்லா இடத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கே தொட்டாலும் பல்பு எரிந்தது.

"வெளிய சிமிட்டுதுன்னா உள்ள சத்தம் வந்தே ஆகணும் அண்ணா. அந்த பிளாஷர் டப்பி அடிக்கிற சத்தந்தான் அது."

"வரலையே! நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஸ்வல்ப இருங்க, டப்பியையே மாத்திருவோம்" என்றார், கொஞ்சம் பொறுங்கள் என்பதைக் கன்னடம் கலந்து.

ஸ்டீரிங்குக்குக் கீழே படுத்து, அந்த உருண்டை டப்பியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினார். அப்பா குச்சியைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

நான் இதற்குள் முன் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு டிங்கர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். சந்து ஒரேயடியாக அமைதியானது. அப்போது எனக்குக் கேட்டது. டிக், டிக், டிக். தெளிவாக, கடிகாரத்தைக் காதில் வைத்த மாதிரி.

"பாத்தீங்களா," என்றார் அப்பா, "இப்பக்கூட ஒண்ணும் வரலை."

அப்பா பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் கேட்கிறது? போன மாதம் காதுவலி என்று அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருந்தாள். அதில் உள்ளே ஏதோ கெட்டுப்போய், இல்லாத சத்தமெல்லாம் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டினேன். சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், ஊசி போடுவார்கள்.

வயரிங்காரர் கீழே படுத்தபடியே அசையாமல் இருந்தார். பிறகு தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் மடியைப் பார்த்துக்கொண்டேன். அவர் எழுந்து, காரைச் சுற்றி அப்பாவின் முதுகுப்பக்கம் போய் நின்று, "அண்ணா, டீ சொல்லட்டுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பா திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்பா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயை அப்பா வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

வயரிங்காரர் அவர் தோளைத் தொட்டு, டீக்கடையைக் கைகாட்டி, குடித்துவிட்டு வரும்படி அனுப்பினார். அப்பா போனதும் அவர் செய்த காரியத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். புதுசாகப் போட்ட டப்பியைப் பிடுங்கி, பழைய டப்பியையே திரும்பச் செருகினார். அதோடு நிற்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் அந்தச் சின்னக் கண்ணாடி மேல் நான் வைத்த பொட்டைச் சுரண்டி எடுத்தார்! சந்தனம் பொடிப்பொடியாகக் கீழே விழுந்தது. பொட்டு இருந்த இடத்தில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இத்தனை நாளும் இது எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்பா திரும்பி வந்ததும் அவர் காதருகே குனிந்து, உரக்க, "ஆயித்து அண்ணா, முடிஞ்சுது, நோ ப்ராப்ளம்!" என்றார். பச்சை விளக்கைப் பார்த்த அப்பா ஸ்டீரிங்கைத் தட்டிச் சிரித்தார். "வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு!" அவரை அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கிளம்பும்போது வயரிங்காரர் என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "சனிக்கிழமை நீயும் முன்னாடி உக்காந்துக்கோ பாப்பா. வெயில் மீட்டர் மேல அடிச்சா பச்சை லைட்டு தெரியாது." அவர் குரல் தணிந்திருந்தது. என்னை ஏன் இதில் இழுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த மூன்று இரவும் எனக்குத் தூக்கமில்லை. பழைய டப்பியையே மாட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லி ஏமாற்றினாரே, அதை அப்பாவிடம் சொல்லாமல் இருக்கலாமா? பொட்டைச் சுரண்டியதை அம்மாவிடம் சொல்லலாமா? சனிக்கிழமை மறுபடி விளக்கு கெட்டால் சார் வேறு வண்டி பார்ப்பார். நாங்கள் என்ன செய்வோம்? ஒன்றும் சொல்லாமல், நானும் வருகிறேன் என்று அழுது காரில் ஏறிக்கொண்டேன்.

பின் சீட்டில் சாரும் மாமியும் இருந்தார்கள். வெயில் நேராக மீட்டரில் அடித்தது. வழியில் டிராக்டர் ஒன்றைத் தாண்ட அப்பா வலதுபக்கம் குச்சியைத் தட்டினார். தாண்டினார். டிக், டிக், டிக். அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பச்சை விளக்கு வெயிலில் கரைந்துபோயிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. டிக், டிக். இது காதுக்குள் இருக்கிற சத்தம்தானே, நிஜமில்லையே என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். லாரியின் மூஞ்சி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அப்பா, சத்தம் வருதுப்பா" என்றேன். அவர் திரும்பவில்லை. எட்டி, குச்சியை நானே மடக்கினேன். சத்தம் நின்றது. லாரி வலதுபக்கமாகத் தாண்டிப் போயிற்று.

வண்டியோட்டும்போது கைவைத்ததற்கு அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். பின்னாலிருந்து சார், "லைட்டு சரியாயிடுத்து போல இருக்கே" என்றார். அப்பா அதற்கும் பதில் சொல்லவில்லை. நான்தான் "ஆமா சார்" என்றேன்.

அப்பாவுக்குக் காது மங்கிக்கொண்டிருந்தது என்பதும், வெளியே தெரிந்தால் வண்டியை விட வேண்டியிருக்கும் என்பதும் எனக்கு விளங்க அப்புறம் நாலு வருடம் ஆயிற்று. அதற்குள் சனிக்கிழமை மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் முன் சீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றது. அதை யாரும் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சாரும் மாமியும் கோயிலுக்குள் போனார்கள். அப்பா எஞ்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, இண்டிகேட்டரைப் போட்டார். உள்ளங்கையை மீட்டர் பெட்டி மேல் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குதா கண்ணு?"

பயந்துகொண்டே, "கேக்குதுப்பா" என்றேன்.

"எப்படிக் கேக்குது? சொல்லு."

"டிக்... டிக்... டிக்."

நான் சொல்லச் சொல்ல அவர் விரல் அதே தாளத்தில் அசைந்தது. ஒன்றும் தப்பில்லை என்கிற மாதிரி தலையாட்டினார். என் காதில் கோளாறு இருக்கிறதா என்று அப்பா சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஊசி இல்லாமல் தப்பித்த சந்தோஷத்தில், சார் திரும்பி வரும்வரை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.