பிந்தி வந்த ஆட்டம்

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் வெயில் எரிக்கும் சனிக்கிழமை மத்தியானங்களில், எங்கள் வீட்டு முன்னறைக்குள் மட்டும் இங்கிலாந்தின் மழை பெய்யும். மாமா திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு வீடியோ கசெற்றைப் போடுவார். ரீவியின் பச்சை வெளிச்சத்தில் அறை குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல ஆகிவிடும். சேறு பூசிய மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழும்புவார்கள். நான் அரைத்தூக்கத்தில் மாமாவின் காலடியில் கிடப்பேன். அந்த மத்தியானங்களைப்போல் சுகமான நேரம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். சிட்னிக்கு வருமுன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், றக்பி மைதானத்துக்கு எதிரே அறை எடுத்துப் படித்தவர். நூறு வயது தாண்டிய கிளப் அது. ஒரு காலத்தில் கிண்ணமெல்லாம் வென்றதாம். பிறகு ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும் காலம் வந்தது. கெட்டிக்காரர்கள் பணக்காரக் கிளப்புகளுக்குப் போய்விட, இவர்கள் வருடத்துக்கு வருடம் சரிந்தார்கள். உலகத்தின் மறுமுனைக்கே வந்துவிட்ட மாமா மட்டும் கிளப்பை விட்டுப் போகவில்லை.

அந்த ஊர்ச் சிநேகிதர் ஆட்டங்களைப் பதிந்து தபாலில் அனுப்புவார். வந்து சேரக் கிழமைக்கணக்காகும். அதுவரை முடிவு மாமாவின் காதில் விழக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்த முறை கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். தோற்றுவிட்டது என்று லண்டன் பெரியம்மா ஃபோனில் சொல்லிவிட்டார். அதன் பிறகும் அவர் வேறேதோ சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். ரிசீவரை வைத்த அம்மா குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஒரு றக்பி ஆட்டத்துக்கு இவ்வளவு கவலையா என்று எனக்கு ஆச்சரியம்.

கசெற் வந்த வெள்ளிக்கிழமை, எப்போதோ முடிந்த ஆட்டத்தில் கிளப் வெல்லவேண்டும் என்று மாமா கோயிலில் தேங்காய் உடைத்தார். முடிவு தெரிந்த நாங்களும் பக்கத்தில் நின்று பக்தியோடு கும்பிட்டோம். பிள்ளையாருக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

“ஆட்டம் முடிஞ்சுபோச்சுத்தானே மாமா?” என்று கேட்டேன்.

“நான் இன்னும் பாக்கேல்லையே பிள்ளை. பாக்கிறவரைக்கும் வெல்லலாம்.”

மறுநாள் பார்த்தோம். கிளப் முன்னணியில் இருந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்க, பந்து உயரே போனபோது மாமா றிமோட்டை அழுத்தினார். பந்து சாம்பல் வானத்தில் அப்படியே நின்றது.

“காணும், இவ்வளவும் போதும்,” என்றார்.

“மாமா, இட்ஸ் நொட் ஃபினிஷ்ட்!”

“ஓம் பிள்ளை. முடியேல்லைத்தான்.”

கசெற்றை வெளியே எடுத்து, உறையில் போட்டு, அலுமாரிக்கு மேல் வைத்தார். அதன் மிச்சத்தை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளியும் கோயிலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்ட சின்னமாமாவிடமிருந்து வெகுகாலமாகத் தகவல் இல்லை. மாமா வாராவாரம் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றும் மாமா தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் நிதானமாகச் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கிளப் தோற்றதை இன்னும் மாமாவிடம் சொல்லவில்லையே என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்து, நானும் சொல்லமாட்டேன் என்று காதுக்குள் சத்தியம் செய்தேன்.