உள்ளே இருந்த சாவி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஐந்தாவதுதான் படித்தேன். மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். என் வீட்டுக்காரர் பீங்கான் பொம்மை சுடும் சூளையில் வேலை பார்த்தார். நான் பயந்த சுபாவம் என்று, வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். ஒவ்வொரு வருடம் பிறக்கும்போதும், திட்டக்குடியில் இருக்கும் தங்கையைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒருதரமும் போனதில்லை. அதனால் அந்த வருடம் ஆகிற காரியமாக ஒன்றை வைத்துக்கொண்டேன். பூட்டுக்கு இன்னொரு சாவி கேட்பது, அவ்வளவுதான்.

ஒன்றாம் தேதி காலையில் கேட்டும்விட்டேன்.

"ஏங்க, ஒரு சாவி எங்கிட்டயும் இருக்கட்டுங்க."

"எங்கடி போவப் போற, டெல்லிக்கா?" என்று சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். வழக்கம்போல வெளியே பூட்டிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பூட்டு தொங்குவது வெளியே, சாவியோடு நான் நிற்பது உள்ளே.

எதிர்வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து பொம்மைகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினால் வந்து திறந்துவிடுவாள். கூப்பிட வாய் வரவில்லை. அவளே நிமிர்ந்து, "என்னாக்கா, கையில என்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாயந்திரம் அவர் வந்து திறக்கும்வரை உள்ளேயே இருந்தேன். அடுத்த வருடத்துக்கு, அவளை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

அது எந்த வருடம் என்று சரியாக நினைவில்லை. அந்தப் பெண் இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். யாராவது அவளைக் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். எனக்கு இன்னும் கூப்பிட வாய் வரவில்லை.