கழற்றிய கம்ப்ரசரின் எண்

பெருந்துறைக் கல்யாண மண்டபம் ஒன்றில் பந்திக்குக் காத்திருந்த டிரைவர்கள் பேசிக்கொண்டார்களாம். குனியமுத்தூர் கார் ஏசி மெக்கானிக் ரூபன், மில்காரர் குமாரசாமியின் காரிலிருந்து நல்ல கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு பழைய ஓட்டைக் கம்ப்ரசர் ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டான் என்று. கேட்ட ஒருவர், உக்கடத்தில் பழைய கார்ச் சாமான் விற்கும் இஸ்மத்திடம் வந்து சொன்னார். இஸ்மத் அந்தச் சனிக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரூபனின் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"அவ்வளவுதானா பாய் சொன்னாங்க?"

"அவ்வளவுதான்."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

இஸ்மத் தரையைப் பார்த்தார். "அந்த ஆளுகளை வண்டியில கை வெக்க உட்டா இப்படித்தான்னு ஒருத்தன் சொன்னானாம். போதுமா? இதுக்குத்தான் சொல்ல வேண்டாம்னு பார்த்தேன்."

ரூபனுக்குக் காது மடல் எரிந்தது. கம்ப்ரசர் திருடன் என்றதுகூடப் பொறுக்கலாம். 'அந்த ஆளுக' என்பது அவனை மட்டும் சொல்வதில்லை. அந்தியூர்ப் பக்கம் பண்ணையத்தில் உழைத்து, வரப்பில் நின்றபடி 'சாமி, சாமி' என்று கூப்பிட்டே காலம் தள்ளிய அவன் அப்பா ஐயாசாமியையும் சேர்த்து இழுக்கிற சொல் அது. அவர் ஒரு தேங்காயைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. மகனை மிஷன் பள்ளியில் படிக்கவைத்து ஐ.டி.ஐ.க்கு அனுப்பினார். ரூபன் எட்டு வருஷம் ஒரு நூல் மில்லின் குளிர்சாதனப் பிரிவில் இருந்தான். மில் மூடியதும் மதுக்கரை ரோட்டோரம் தகரக் கூரை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி, இந்தத் தொண்ணூற்றாறோடு மூன்று வருஷம் ஆகிறது. அவன் யாரையும் 'சாமி' என்று கூப்பிட்டதில்லை. 'சார்' என்பான், அதுவும் தேவைப்பட்டால்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு குமாரசாமியின் டிரைவர் அப்புசாமி காரைக் கொண்டுவந்தார். ஏசி ஐந்து நிமிஷம் குளிரும், பிறகு வெறும் காற்று. வேறு இரண்டு இடத்தில் ஏற்கெனவே கேஸ் நிரப்பியிருந்தார்கள். ரூபன் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தான். கேஸ் சரியாக இருந்தது. ஆனால் கம்ப்ரசருக்குக் கரண்ட் போகவில்லை. குழாயில் இருந்த பிரஷர் சுவிட்சின் வயரைப் பிடுங்கி, இரண்டு முனையையும் ஒரு செப்புக் கம்பியால் இணைத்தான். 'டக்'கென்று கம்ப்ரசர் பிடித்தது. உள்ளே ஜில்லென்று காற்று.

"அட! ஒரு கம்பித் துண்டா? அப்படியே உட்ருங்க ரூபண்ணா. காலையில ஊட்டுல எல்லாரும் கொடுமுடி போறாங்க."

"உட மாட்டேனுங்க. அந்தச் சுவிட்ச் காவக்காரனாட்ட. கேஸ் குறைஞ்சாலும் ஏறினாலும் கம்ப்ரசரை நிறுத்தறது அதுதான். காவக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னா வேற ஆளைப் போடோணும். கதவைத் தொறந்து போட்டுட்டுப் போலாமா? சுவிட்ச் மெட்ராஸ்ல இருந்து வரோணும், பத்து நாளாகும்."

அப்புசாமி முகத்தைத் தூக்கிக்கொண்டு காரை எடுத்துப் போனார். பெரிய சர்வீஸ் ஸ்டேஷன் ஒன்றில் கம்ப்ரசர், சுவிட்ச், குழாய் என்று மொத்த செட்டையும் மாற்றினார்கள். எல்லாம் புதிது என்றால் குளிராமல் என்ன செய்யும்? 'பழைய கம்ப்ரசர் டூப்ளிகேட்டுங்க, யாரோ மாத்தியிருக்காங்க' என்று அங்கே ஒருவன் சொல்ல, அதற்குக் கால் முளைத்துப் பெருந்துறை வரை போய்விட்டது.

இஸ்மத் கிளம்பும் முன்பே டாக்ஸிக்காரர் ராசப்பன் வந்தார். திங்கட்கிழமை அவருடைய நாலு கார்களும் ரூபனிடம் வருவதாகப் பேச்சு.

"நான் நம்பலை ரூபா. ஆனா ஏவாரம் பாரு. குமாரசாமி அண்ணன் சொல்றதைத்தான் ஊரு கேக்குது. அவரு வாயில ஒரு வார்த்தை வரட்டும், வண்டிக உன்ற பட்டறைக்கே வரும். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவரைச் சொல்ல வெச்சுப்போடு. இல்லாட்டி வேற எடம் பார்க்கோணும்."

ரூபன் நேரே குமாரசாமியின் ஆபீசுக்குப் போனான். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மோர் வரவழைத்தார்.

"நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னனுங்களா, தம்பி?"

"இல்லீங்க சார். ஆனா ஊரே பேசுது."

"ஊரு பேசும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. முடிஞ்சது முடிஞ்சு போச்சு. மோரைக் குடிங்க."

"என்ன சார் முடிஞ்சுது? நான் எடுத்தேன்னு நெனைக்கறீங்களா, இல்லைங்கறீங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப?" என்று சிரித்தார்.

திட்டியிருந்தால் திருப்பிப் பேசலாம். சட்டையைப் பிடித்திருந்தால் உதறலாம். மோர் கொடுத்துக் கழுத்தை அறுப்பவரிடம் என்ன செய்வது? குற்றத்தை வாய்விட்டுச் சொல்லாததால் மறுக்கவும் வழியில்லை. மரியாதையாகவே மனுஷனைத் தீர்த்துக்கட்ட இந்தச் சீமையில்தான் முடியும். அவன் மோரைத் தொடாமல் எழுந்து வந்தான்.

அங்கிருந்து உக்கடம்.

"பாய், அந்தச் சர்வீஸ் ஸ்டேஷன்ல கழட்டற சாமான் எங்க போகுது?"

"வேற எங்க? எங்கிட்டத்தான்."

இரண்டு பேரும் பின்கட்டுக் குவியலைக் கிளறினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, கார் நம்பர் எழுதிய சீட்டோடு கம்ப்ரசர் கிடைத்தது. அதோடு கம்பியால் கட்டியிருந்த குழாயில் சுவிட்சும் அப்படியே இருந்தது. ரூபன் கம்ப்ரசரைக் கையால் சுற்றினான். வெண்ணெய்போல் சுற்றியது. சுவிட்சைக் கழற்றிக் கடையில் இருந்த கேஸ் சிலிண்டரின் ஹோஸில் மாட்டி, கேஸ் திறந்து, இணைப்பு இருந்தால் 'பீப்' என்னும் மீட்டரை வைத்தான். நூறு பவுண்டு அழுத்தத்திலும் சத்தம் இல்லை. ஸ்குரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினான். 'பீப்' என்றது. கையை எடுத்ததும் செத்தது.

"பார்த்தீங்களா பாய்? தட்டுனா முழிக்கறான், உட்டாத் தூங்கறான்."

"இவனுக்காகவா ஒரு முழு கம்ப்ரசரைக் கழட்டி எறிஞ்சானுக!"

"அது கெடக்கட்டும். நம்பரைப் படிங்க."

மில்லில் படிந்த பழக்கம் ஒன்று ரூபனுக்கு உண்டு. எந்த மெஷினையும் தொடுமுன் அதன் எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவான். போலீஸ் ஸ்டேஷன்கூட இவ்வளவு கேட்காது என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். இஸ்மத் கம்ப்ரசரின் எண் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ரூபன் நோட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தான். ஒன்பது எழுத்தும் ஒத்துப்போயின. கீழே அப்புசாமியின் கோணல் கையெழுத்து. தொடுமுன் காரில் இருந்ததும் இதுதான், சர்வீஸ் ஸ்டேஷனில் கழற்றியதும் இதுதான்.

பட்டறைக்கு அடுத்த டெலிபோன் பூத்திலிருந்து குமாரசாமி வீட்டுக்கு அழைத்தான். அவர் மருமகள் புவனா எடுத்தாள்.

"மாமா தோட்டத்துக்குப் போயிருக்காருங்க. அஞ்சரைக்கு வந்துருவாரு, அப்பக் கூப்பிடுங்க. யாருன்னு சொல்லட்டுங்க?"

"ரூபன். ஏசி மெக்கானிக்."

"ஓ…" என்றாள். "சரீங்க" என்று போனை வைத்தாள்.

ஐந்தரைக்கு மணி போனது, யாரும் எடுக்கவில்லை. ஐந்து நாற்பதுக்கும் இல்லை. ராசப்பன் பூத்துக்கு வெளியே மொபெட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டுல ஆளு இருக்காங்க ரூபா. வர்ற வழியில பார்த்தேன், வாசல்லயே காரு நிக்குது."

ரூபன் ஐந்து ஐம்பதுக்கு மறுபடியும் எண்ணைச் சுழற்றினான். நோட்டைப் பூத்தின் கண்ணாடி மேல் விரித்து, அந்த ஒன்பது எழுத்தின் கீழ் கட்டைவிரலை அழுத்திக்கொண்டான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.